பல்கலைக்கழகத்தின் சட்ட அலுவலர்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன விரிவுரை மண்டபமும், நூல் நிலையமும், பட்டமளிப்பு விழாவின் அங்கிகளும் ஆகும். நிர்வாகக் கட்டடத்தின் ஓர் அறையில், கோப்புகள் அடுக்கிய மேசையின் முன் அமர்ந்திருக்கும் சட்ட அலுவலரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் பாடம் நடத்துவதில்லை, பட்டம் வழங்குவதில்லை, நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதும் பெரும்பாலும் இல்லை. ஆயினும், ஒரு மாணவனின் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்படும்பொழுதும், ஓர் ஆசிரியரின் நியமனம் வினாவுக்குள்ளாகும்பொழுதும், ஒரு கொடையாளர் தம் செல்வத்தைக் கல்விக்கென எழுதி வைக்கும்பொழுதும் அவருடைய மேசையின் வழியாகவே தாள்கள் செல்கின்றன. நம் நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இவருக்குரிய இடம் எவ்வாறு உண்டாயிற்று, இவர் எவருக்காகப் பணியாற்றுகிறார் என்னும் இரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

வரலாறு 1857ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையில் சார்லஸ் வுட் கூறிய யோசனைப்படி, இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தாவுக்குரிய சட்டம் 1857 ஜனவரி 24ஆம் நாளிலும், பம்பாய்க்குரியது ஜூலை 18ஆம் நாளிலும், சென்னைக்குரியது செப்டம்பர் 5ஆம் நாளிலும் இயற்றப்பட்டன. வட நாடு பெருங்கிளர்ச்சியால் கொந்தளித்துக் கொண்டிருந்த அதே ஆண்டில், சட்டமியற்றும் அவை அமைதியாகக் கல்விக்கு விதி வகுத்தது வியப்புக்குரியது.

அச்சட்டங்கள் செய்த முதற்பணி யாது? வேந்தர், துணைவேந்தர், ஃபெல்லோக்கள் என்னும் உறுப்பினர்கள் அனைவரையும் சேர்த்து ஒரே சட்ட நபராக ஆக்கியதே அப்பணி. உறுப்பினர் மாறலாம், மறையலாம். அந்த நபருக்கு மறைவில்லை. அதற்கு ஒரு பொது முத்திரை உண்டு. சொத்து வைத்திருக்கும் உரிமை உண்டு. தன் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைச் சட்டம் நபராகக் கொள்வது நமக்குப் புதிதன்று. கோயிலின் மூலவர் சட்டத்தின்முன் சொத்துக்கு உடையவர் என்பதை நாம் அறிவோம். ஆனால் மூலவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசுவதில்லை. அவருக்காகத் தருமகர்த்தா பேசுகிறார். அதுபோலப் பல்கலைக்கழகம் என்னும் நபருக்காகவும் யாரேனும் பேசியாக வேண்டும். சட்ட அலுவலர் பணியின் விதை இங்கேயே விதைக்கப்பட்டு விட்டது எனலாம்.

விதை விதைக்கப்பட்டதேயன்றி, நெடுங்காலம் அது முளைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் சட்ட அறிவு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பீடத்திலேயே வீற்றிருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சர் ஜேம்ஸ் வில்லியம் கால்வில். சென்னையின் முதல் துணைவேந்தர் சர் கிறிஸ்டோபர் ராலின்சன். இருவரும் தத்தம் நகரின் பழைய சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதிகளாக இருந்தவர்கள். இந்தியருள் முதன்முதலாகக் கல்கத்தாவில் துணைவேந்தரான சர் குருதாஸ் பானர்ஜியும், பம்பாயில் அப்பதவியை முதலில் ஏற்ற இந்தியரான காசிநாத் திரியம்பக் தெலங்கும் உயர்நீதிமன்ற நீதிபதிகளே. சர் ஆசுதோஷ் முகர்ஜி 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக விளங்கியபொழுது நீதிபதி ஆசனத்தையும் உடன் வகித்தார். சென்னையில் அட்வகேட்-ஜெனரலாக விளங்கிய சர் பி. எஸ். சிவசாமி ஐயர் 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். விதியை வகுப்பவரும், அதற்குப் பொருள் சொல்பவரும், அதன்படி நடத்துபவரும் ஒருவராகவே இருந்த நிலையில், தனியே ஒரு சட்ட அலுவலர் தேவைப்படவில்லை.

மேலும், அப்பல்கலைக்கழகங்கள் முதலில் பாடம் நடத்தியவை அல்ல. தேர்வு நடத்திப் பட்டம் அளித்தவை. விடுதியில்லை, ஆய்வகமில்லை, பெருந்தொகையான ஊழியர்களும் இல்லை. வழக்கு உண்டாவதற்குரிய வாயில்களே சில. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறலாயிற்று. கல்கத்தாவில் சர் தாரக்நாத் பாலித், சர் ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு பெருஞ் சட்ட அறிஞர்கள், தாம் வழக்கறிஞர் தொழிலில் ஈட்டிய பல இலட்ச ரூபாயை அறிவியல் கல்விக்கென அளித்தனர். 1914இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தம் கொடையால் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது பாலித் விதித்த நிபந்தனை. அன்னிய ஆட்சியில் பெரும்பதவிகளின் கதவு இந்தியருக்கு எளிதில் திறவாதிருந்த காலத்தில், ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின் வாசகம் அக்கதவைத் திறந்து வைத்தது. அவ்வாறு அமைந்த பாலித் பேராசிரியர் பதவியில் 1917இல் அமர்ந்தவர் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். சட்ட வாசகம் என்பது உயிரற்ற எழுத்து என்று கருதுவோர் இந்த நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும்.

வாசகத்தில் கவனம் தவறினால் நேர்வது என்ன என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. கர்சன் பிரபு 1904இல் கொண்டுவந்த இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் அரசாங்கத்தின் பிடியை இறுக்கியது. அச்சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட குழுக்கள் முறைப்படி அமைந்தனவா என்னும் ஐயம் எழுந்தது. வினா நீதிமன்ற வாயிலை எட்டியபொழுது, செய்தவற்றையெல்லாம் செல்லத்தக்கனவாக்க 1905இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. கோபால கிருஷ்ண கோகலே சட்டசபையில் அதனை எதிர்த்துப் பேசினார். தவறு செய்தவர் சட்டத்தையே மாற்றித் தப்பிக்கும் வசதி அரசாங்கத்துக்கு உண்டு. பல்கலைக்கழகத்துக்கு அவ்வசதி இல்லை. அது தன் விதியைத் தானே சரியாகப் படித்துக் கொள்ள வேண்டும்.

இங்கு மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்னும் முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். பல்கலைக்கழக விதிகள் படிப்படியாக அமைந்தவை. முதலில் சட்டமன்றம் இயற்றிய சட்டம்; அதன்கீழ் 'ஸ்டாட்யூட்' எனப்படும் அடிப்படை விதிகள்; அவற்றின்கீழ் 'ஆர்டினன்ஸ்' எனப்படும் விதிகள்; அடியில் ஒழுங்குமுறைகள். செய்தித்தாள் படிப்பவர் 'ஆர்டினன்ஸ்' என்றால் அவசரச் சட்டம் என்றே கொள்வர். பல்கலைக்கழகத்திலோ அச்சொல்லுக்கும் அவசரத்துக்கும் தொடர்பேயில்லை. தேர்வுக் கட்டணம், வருகைப்பதிவு, விடுதி ஒழுங்கு ஆகியவற்றை வகுக்கும் அன்றாட விதிக்கே அப்பெயர். மேற்படியில் உள்ளதற்கு மாறாகக் கீழ்ப்படியில் உள்ளது நில்லாது. ஒரு துறைத்தலைவர் தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாள் இப்படிகளில் எதிலும் சேராது. இவ்வேறுபாட்டை உரிய காலத்தில் எடுத்துச் சொல்வது சட்ட அலுவலரின் முதற்கடமை.

இனி, விதை முளைத்த காலத்துக்கு வருவோம். 1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ரிட் எனப்படும் ஆணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று உயர்நீதிமன்றங்களிடம் மட்டுமே, அதுவும் எல்லைக்குட்பட்டு இருந்து வந்தது. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவு அவ்வதிகாரத்தை நாட்டின் உயர்நீதிமன்றங்கள் அனைத்துக்கும் அளித்தது. அதுமுதல், தேர்வு முடிவு கிடைக்காத மாணவனும், பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஆசிரியரும் ஒரு மனுவின் மூலம் பல்கலைக்கழகத்தை விடை கூறச் செய்ய முடிந்தது.

ஆனால் உடனே ஒரு வினா எழுந்தது. அடிப்படை உரிமைகள் முதன்மையாக 'அரசு' என்னும் அமைப்புக்கு எதிராகவே உரியவை. பல்கலைக்கழகம் அரசா? சென்னை மாகாணத்தில் அந்நாளில் சேர்ந்திருந்த தென்கன்னட மாவட்டத்தின் உடுப்பியிலிருந்து இவ்வினா வந்தது. இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் அனுமதியின்றிப் பெண்களைச் சேர்க்கலாகாது என்னும் கட்டளையால் ஒரு மாணவிக்கு இடம் மறுக்கப்பட்டது. தனி நீதிபதி மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் இருவர் ஆயம், பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் பணிகளைச் செய்யும் அதிகார அமைப்பு அன்று; எனவே அது 'அரசு' ஆகாது என்று முடிவு செய்தது. பெண்களுக்குரிய வசதிகள் இல்லாமையைக் கருதியே அக்கட்டளை பிறந்தது என்றும் கொள்ளப்பட்டது. பல்கலைக்கழகம் வழக்கில் வென்றது. மாணவி கல்லூரியில் இடமின்றி நின்றார். சட்டப்படி வென்ற ஒரு நிறுவனம் வென்றதற்காகப் பெருமைப்பட முடியுமா என்னும் ஐயத்தை இவ்வழக்கு நமக்குள் எழுப்புகிறது.

காலப்போக்கில் சட்டம் இவ்வினாவுக்கு வேறு விடை அளித்தது. 1967இல் இராஜஸ்தான் மின்வாரிய வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டத்தால் அதிகாரம் பெற்ற அமைப்புகளும் 'அரசு' என்னும் சொல்லுள் அடங்கும் என்றது. 1980இல் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரி வழக்கில் அவ்வெல்லை மேலும் விரிந்தது. அவ்வழக்கில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண். நேர்முகத் தேர்வு இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிட்டது என்பது மாணவர்களின் முறையீடு. இத்தகைய சேர்க்கையில் நேர்முகத்துக்கு மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது நெறியற்றது என்று நீதிமன்றம் கூறிற்று. எனினும், காலம் கடந்துவிட்டமையால் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்களை அது வெளியேற்றவில்லை.

இந்தக் காலம் கடத்தல்தான் கல்வி வழக்குகளில் பெருந்துன்பம். ஐக்கிய மாகாணம் என முன்பு வழங்கிய உத்தரப் பிரதேசத்தில், 1954ஆம் ஆண்டு இன்டர்மீடியட் தேர்வில் மூன்று மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக முதலில் அறிவிக்கப்பட்டனர். ஆண்டின் இறுதியில், தேர்வில் முறைகேடு செய்ததாகக் கூறி அம்முடிவு ரத்துச் செய்யப்பட்டது. அவர்களை அழைத்து ஒரு சொல் கேட்பாரில்லை. தேர்வுக் குழு இத்தகைய முடிவை எடுக்கும்பொழுது நீதி வழங்குவோர் போல நடந்துகொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கூறுவதைக் கேட்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1962இல். தேர்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள். இன்டர்மீடியட் மாணவனாக இருந்தவன் அதற்குள் குடும்பத் தலைவனாகியிருப்பான். தேர்வு வாரியத்தின் அலுவலகத்தில் ஒருவர், "ஆணை பிறப்பிக்கும் முன்னர் மூவருக்கும் காரணம் கேட்டுக் கடிதம் அனுப்புக" என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த எட்டு ஆண்டு வழக்கு எழுந்தே இராது. சட்ட அலுவலரின் பயன் நீதிமன்றத்தில் தெரிவதைவிட, இவ்வாறு எழாமற்போகும் வழக்குகளிலேயே மிகுதி.

விசாரணை என்றால் எல்லாவிடத்தும் ஒரே வடிவில் அமைய வேண்டுமா? இல்லை என்று பிற்கால வழக்குகள் காட்டின. 1968இல் கேரளப் பல்கலைக்கழக வழக்கில், மாணவனுக்குக் குற்றச்சாட்டை அறிவித்து, சாட்சிகளை விசாரிக்க வாய்ப்பளித்து, முறையான விசாரணை நடந்திருந்தமையால் தண்டனை நிலைபெற்றது. இயற்கை நீதியின் நெறிகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பது அதன் கருத்து. 1970இல் பீகார் தேர்வு வாரிய வழக்கில், ஒரு தேர்வு மையம் முழுவதிலும் பெருமளவில் முறைகேடு நடந்தமை புலப்பட்டபொழுது, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் அம்மையத்தின் தேர்வை ரத்துச் செய்தது ஏற்கப்பட்டது. அங்கு எவர்மீதும் தனிக்குற்றம் சுமத்தப்படவில்லை என்பதே காரணம். ஒருவனைக் குற்றவாளி என்பதற்கும், ஒரு தேர்வை மறுபடி நடத்துவதற்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு தீர்ப்புகளும் தெளிவாக்கின.

1975 நவம்பரில் தீர்க்கப்பட்ட குருக்ஷேத்திரப் பல்கலைக்கழக வழக்கும் நினைவிற் கொள்ளத்தக்கது. வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்த ஒருவருக்கு வருகைப்பதிவு குறைந்தது. பல்கலைக்கழகம் அதனைக் கவனியாமல் அவரைத் தேர்வெழுத அனுமதித்தது. பின்னர் விழித்துக்கொண்டு அவருடைய தேர்வை ரத்துச் செய்தது. விண்ணப்பத்தை ஆராய வேண்டிய நேரத்தில் ஆராயாது விட்டபின், எழுதி முடித்தவர் தலையில் அக்குறையைச் சுமத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கும் எழுத்தர் அன்று சோர்வாக இருந்திருக்கலாம். அவருடைய சோர்வு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

நீதிமன்றங்கள் எப்பொழுதும் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே நின்றன என்று கருதுவதும் பிழை. 1963இல் மைசூர்ப் பல்கலைக்கழக வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலத் துறையில் ஓர் ஆய்வு ரீடர் பதவிக்கு, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் வகுப்பு அல்லது உயர்ந்த இரண்டாம் வகுப்பு முதுகலைப் பட்டமோ, அதற்கு நிகரான வெளிநாட்டுத் தகுதியோ வேண்டும் என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்நாட்டில் பெற்ற மதிப்பெண் 50.2 விழுக்காடு, இரண்டாம் வகுப்பின் வாசற்படியே ஐம்பது. இது உயர்ந்த இரண்டாம் வகுப்பு ஆகாது என்று கொண்ட உயர்நீதிமன்றம் நியமனத்தை ரத்துச் செய்தது. ஆனால் அவர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றிருந்தார். அது நிகரான தகுதியா என்பதை வல்லுநர் குழு ஆராய்ந்து ஏற்றிருக்கிறது. கல்வித் தகுதி பற்றிய இத்தகைய முடிவுகளில், தீய நோக்கம் காட்டப்படாதவிடத்து, நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்று நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு கூறிற்று. 'அல்லது' என்னும் ஒரு சொல் விளம்பரத்தில் இருந்தமையால் நியமனம் பிழைத்தது. விளம்பரம் எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

அதே 1963ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் வேறொரு வகை வழக்கில் வென்றது. பெண்கள் கல்லூரி மாணவிகளுக்காக ஓட்டிய பேருந்துகளில் நட்டம் ஏற்பட்டதால் ஓட்டுநர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் தொழிற்சட்டப்படி இழப்பீடு கேட்டனர். கல்வி ஒரு தொழில் அன்று. ஆகவே அச்சட்டம் பல்கலைக்கழகத்தைக் கட்டாது என்றது உச்சநீதிமன்றம். 1978இல் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் இக்கருத்தை மாற்றிற்று. ஆசிரியர் பாடம் சொல்வது தொழிலாளர் வேலையன்று என்றாலும், ஓட்டுநரும் தோட்டக்காரரும் செய்வது உழைப்பே. அவர்களை வேலைக்கமர்த்திய நிறுவனம் கல்விக்கூடம் என்பதால் அவர்களுடைய உரிமை குறையாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 2017இல் அந்த 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஒன்பது நீதிபதிகள் முன் வைக்குமாறு ஆணை பிறந்தது. ஒரு சொல்லின் பொருளுக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்காடும் நாடு நம்முடையது.

பயிற்றுமொழி வழக்கு தமிழ் நேயர்களுக்குத் தனிக் கவனத்துக்குரியது. குஜராத் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. குஜராத்தி மொழியையோ இந்தியையோ பயிற்றுமொழியாக வளர்க்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. அதனைக் கொண்டு, ஆங்கிலத்தை விலக்கி அவற்றையே பயிற்றுமொழியாகக் கட்டாயமாக்க முடியுமா? அகமதாபாத்துக் கல்லூரி மாணவர் ஒருவரின் தந்தை இவ்வினாவை எழுப்பினார். ஒன்றை வளர்க்கும் அதிகாரம் மற்றொன்றை விலக்கும் அதிகாரம் ஆகாது என்று 1962இல் உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறிற்று. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். பல்கலைக்கழகங்களின் தரத்தை ஒருமுகப்படுத்தும் பொறுப்பு மத்திய அரசுக்கு உரியது என்பதும் அதில் பேசப்பட்டது. பின்னர் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. மாநிலச் சட்டத்தையும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளையும் ஒருங்கே கையில் வைத்துக்கொண்டு, இரண்டும் முரணும் இடத்தில் எது நிற்கும் என்று சொல்ல வேண்டிய சுமை அதுமுதல் சட்ட அலுவலரின் தோளில் மேலும் அழுந்தியது.

பல்கலைக்கழகத்தைப் படைத்தது யார்? இவ்வினா வெறும் தத்துவமன்று என்பதை அலிகார் வழக்கு காட்டியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. ஆகவே அதனை நிறுவியது சட்டமன்றமே என்று 1967இல் உச்சநீதிமன்றம் கருதிற்று. சர் சையத் அகமது கான் தொடங்கிய கல்லூரியும், சமூகத்தார் திரட்டிய பொருளும் அக்கணக்கில் எடையேறவில்லை. 2024 நவம்பர் 8ஆம் நாள் ஏழு நீதிபதிகள் ஆயம், நால்வர் பெரும்பான்மையால், இக்கருத்தை நீக்கிற்று. சட்டத்தால் உருப்பெற்றது என்பதாலேயே ஒரு நிறுவனத்தைப் பிறர் நிறுவவில்லை என்று கொள்ளலாகாது. எண்ணம் யாருடையது, முயற்சி யாருடையது, பொருள் யாருடையது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பொது முத்திரையைச் சட்டம் அளிக்கலாம். அதன் பின்னால் மனிதரின் கைகள் இருந்தன என்பதை ஏழு நீதிபதிகள் பேசவேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்தில் இன்னும் புதிய வழக்குகள் வந்தன. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்க மாணவனுக்கு உரிமை உண்டு என்று 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில், நாம் ஜெராக்ஸ் கடை என்று வழங்கும் ஒரு சிறு கடையில், பாடத்திட்டத்துக்கேற்ப நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றமைக்காக, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலின் பொருட்டு அளிக்கும் விலக்கினுள் இச்செயல் அடங்கும் என்று 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு ஆயம் அந்நெறியை ஏற்று, சில விவரங்களை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. விலையுயர்ந்த நூல்களை வாங்க இயலாத மாணவர் பலர் இத்தீர்ப்பால் பயனடைந்தனர். இங்குப் பல்கலைக்கழகம் தன்னைக் காத்துக்கொண்டதும் மாணவரைக் காத்ததும் ஒன்றாகவே அமைந்தன.

இவ்வளவு வழக்குகளுக்கு நடுவே சட்ட அலுவலரின் அன்றாட வேலை எவ்வாறு நடைபெறுகிறது? மத்தியப் பல்கலைக்கழகங்களின் விதிப்படி, வழக்குகளில் பல்கலைக்கழகத்தின் சார்பில் நிற்பவர் பதிவாளர். வக்காலத்தில் கையெழுத்திடுவதும், மனுக்களின் உண்மைக்குச் சான்றுரைப்பதும் அவருடைய பொறுப்பு. நீதிமன்ற அறிவிப்பு வந்ததும் சட்ட அலுவலர் அதனைப் படித்து, மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் உரிய துறையிடமிருந்து விடை பெறுகிறார். நாள்களும் எண்களும் ஒத்துள்ளனவா என்று ஆராய்கிறார். பின்னர், பல்கலைக்கழகம் அமர்த்திய வழக்கறிஞரிடம் கட்டு செல்கிறது. வாதாடுபவர் வழக்கறிஞர்; வாதத்துக்குரிய உண்மைகளைத் திரட்டித் தருபவர் சட்ட அலுவலர். முழுநேரச் சம்பளம் பெறுபவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தலாகாது என்பது பார் கவுன்சிலின் விதி. 2025 அக்டோபர் இறுதியில் உச்சநீதிமன்றம், நிறுவனத்தின் சம்பளம் பெறும் சட்ட ஆலோசகர், நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞருக்குச் சாட்சியச் சட்டம் அளிக்கும் இரகசியக் காப்புக்கு அவரைப் போலவே உரியவர் ஆகார் என்று கூறிற்று. சம்பளம் அளிப்பவரைச் சார்ந்திருப்பவர் வழக்கறிஞரைப் போன்ற சுதந்திரம் உடையவர் அல்லர் என்பது அதன் அடிப்படை.

இவ்விடத்தில்தான் நம் இரண்டாம் வினா கூர்மை பெறுகிறது. சட்ட அலுவலர் எவருக்காகப் பணியாற்றுகிறார்? அவரை அழைத்துப் பேசுபவர் துணைவேந்தர். அவருடைய விடுப்புக்கு ஒப்புதல் அளிப்பவர் பதிவாளர். அவருடைய கருத்தைக் கேட்டுப் பிடிக்காமற்போனால் முகம் சுளிப்பவர் துறைத்தலைவர். ஆயினும் அவருடைய கட்சிக்காரர் இவர்களுள் எவருமல்லர். 1857ஆம் ஆண்டின் சட்டம் படைத்ததே, அந்த மறைவில்லாத நபர், அதுவே அவருடைய கட்சிக்காரர். துணைவேந்தரின் பதவிக்காலம் சில ஆண்டுகளில் முடியும்; பல்கலைக்கழகம் தொடரும். இன்றைய அதிகாரியின் கோபத்துக்காக எடுக்கப்படும் முடிவுக்கு விடை கூறும் சுமை, பத்து ஆண்டுகளுக்குப் பின் அங்கு அமர்ந்திருக்கும் வேறொருவருக்கு நேரும். ஆகவே, "இம்முடிவு விதிக்கு முரணானது" என்று கோப்பில் எழுதும் அலுவலர் அதிகாரிக்கு எதிராகச் செயல்படுகிறார் என்று கருதுவது தவறு.

அந்த நபர் பொதுமக்களின் வரிப்பணத்தால் வாழ்வது. எதிர்த்தரப்பில் நிற்கும் மாணவனின் தந்தை செலுத்திய வரியும் அதில் அடங்கும். தனியார் நிறுவனம் ஒன்று தன் எதிரியைக் களைப்படையச் செய்து வெல்ல நினைக்கலாம். மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்து காலம் கடத்தலாம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது தகாது. தோற்க வேண்டிய வழக்கில் உடனே தோற்றுவிடுவதும், தவறு தெரிந்தவுடன் முடிவைத் திருத்திக்கொள்வதும் அதற்கு இழுக்கல்ல. "மேல்முறையீடு வேண்டாம், மாணவனைச் சேர்த்துக்கொள்க" என்று எழுதுவதற்குத் துணிவு வேண்டும். தணிக்கையாளர் நாளை கேட்பார், நாளிதழ் எழுதும், மேலதிகாரி ஐயுறுவார். அத்துணிவைப் பெற, அவர் சட்டத்தைத் தெளிவாகவும் முழுமையாகவும் அறிந்திருக்க வேண்டும்.

முற்காலத்தில் நீதிபதிகளே துணைவேந்தர்களாக இருந்தபொழுது, அறிவும் அதிகாரமும் ஓரிடத்தில் இருந்தன. இப்பொழுது அதிகாரம் ஓர் அறையிலும், சட்ட அறிவு மற்றோர் அறையிலும் அமர்ந்துள்ளன. இரண்டுக்கும் இடையே உள்ள தாழ்வாரத்தில் கோப்பு விரைந்தும் நேர்மையாகவும் நடந்தால், பல மாணவர்களின் ஆண்டுகள் காப்பாற்றப்படும். தேர்வு முடிவுக்காகவோ சேர்க்கைக்காகவோ காத்திருக்கும் ஓர் இளைஞனுக்கு, ஓர் ஆண்டு என்பது பெரியோர் நினைப்பதைவிட மிக நீண்ட காலம் ஆகும்.